அம்மை போட்ட மகளுக்குப் பதிலாக ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தது

மதிப்பிற்குரிய மச்சான் காளிச்சாமி அவர்களுக்கு,

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் கிருபாசங்கர் வணங்கி எழுதுவது. சத்தியமங்கலத்தில் நீங்களும் அக்காவும் தோட்டமும் மாடுகன்றுகளும் சுகமாக இருக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே சந்தோஷப்பட்டோம். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உங்கள் மருமகள் லோகப்பிரியாவுக்கு அம்மை போட்டிருப்பது உங்களுக்கே தெரியும். இப்போது தண்ணி ஊற்றியாகிவிட்டது, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகலாம். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிடுவீர்கள், கடைசியில் நான் "சரிங்க மச்சான்" என்று வைத்துவிடுவேன். பொங்கலுக்கு வந்தபோதும் அப்படித்தான் அந்த ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு, எட்டாம் வகுப்பிலிருந்தே டாக்டர் பரீட்சைக்குத் தயார் செய்கிறார்களே அதற்கு, லோகப்பிரியாவை அனுப்பச் சரி என்று சொல்லிப்போட்டேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

நடந்தது இதுதான். அம்மை போட்ட இரண்டாம் நாளிலிருந்து உங்கள் தங்கை தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, இன்றைக்குக் கணக்கில் என்ன, அறிவியலில் என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் பரீட்சை, பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயம். ஒரு நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பொறுமை இழந்து என்னிடமே சொன்னார்கள்: "ஏனுங்க, இப்பிடித் தினமும் போனுல கேக்கறதுக்கு நீங்களே வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து எழுதிட்டுப் போயிருங்க." அது கிண்டல் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் சோற்றுத் தூக்குப்போசியும் தண்ணீர் பாட்டிலுமாக நான் போய் நின்றதும் அந்த அம்மா தூக்குப்போசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வாய்விட்டுச் சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது? "சரி, சத்தம் போடாம உக்காருங்க" என்றார்கள். மச்சான், அந்த பெஞ்சு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் செய்தது. உள்ளே போன என் முழங்கால் மத்தியானச் சாப்பாட்டு மணி வரைக்கும் வெளியே வரவில்லை. முதல் பாடத்துக்கு மணி அடித்ததும் ஷிப்ட் முடிந்த ஞாபகத்தில் எழுந்து புறப்படப் பார்த்தேன், பக்கத்திலிருந்த வம்சி என்கிற பையன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். அறிவியல் பாடத்தின் நடுவில் நம் இரும்பு வார்க்கும் பவுண்டரியிலிருந்து போன் வந்தது, பழக்கதோஷத்தில் எடுத்து "நான் வர்ற வரைக்கும் மெட்டலை ஊத்தீராதீங்க!" என்று கத்திவிட்டேன். யாஸ்மின் டீச்சர் வந்து கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். ஊற்றலாமா கூடாதா என்று தெரியாமல் நம் ஆட்கள் அன்றைக்கு உலையைச் சுற்றி நின்றதுதான் மிச்சம்.

ஆனால் போன் போன துக்கம் ஐந்து நிமிஷத்தில் மறந்துபோயிற்று, ஏனென்றால் யாஸ்மின் டீச்சர் அணுவைப் பற்றி நடத்தினார். ஒரு சாமானை உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் அணுவாம், அந்த அணுவைப் பிளந்து பார்த்தால் நடுவில் கடுகுபோல ஒரு கரு, அதைச் சுற்றி எலக்ட்ரான், மற்றபடி முக்கால்வாசிக்கும் மேலே வெறும் இடமாம். நான் கையைத் தூக்கி, "இரும்புலயுங்களா டீச்சர்?" என்று கேட்டேன். "இரும்புலயும் அப்படித்தான் சார்" என்றார். மச்சான், இத்தனை வருஷமாக நான் பம்பு பாடி வார்த்து லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லாத இடத்தை! சாயங்காலம் இதை உலைக்காரர் ஷேக் பரீத்திடம் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பறம் ஏனுங்க முதலாளி தூக்குனா இடுப்பு ஒடியுது?" என்றார். நியாயமான கேள்வி. ராத்திரியெல்லாம் அதுவே மண்டையில் ஓடி, காலையில் மணி அடிப்பதற்கு முன்பே போய் டீச்சரிடம் கேட்டேன். கனமெல்லாம் அந்தக் கடுகளவு கருவுக்குள் குவிந்து கிடக்கிறதாம். கேட்டதும் கை கூப்பத் தோன்றியது, பிள்ளைகள் பார்ப்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் சமூக அறிவியலில் என் மானம் போயிற்று. பூமியின் நடுவே இரும்பும் நிக்கலும் இருக்கிறது, ஐயாயிரம் டிகிரிக்கு மேல் சூடு, ஆனாலும் நட்டநடுவில் அது உருகாமல் கெட்டியாகவே இருக்கிறது என்று அந்தப் பாடத்து டீச்சர் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன். "இது மட்டும் நடக்காதுங்க டீச்சர். ஆயிரத்தி ஐநூறு டிகிரி தாண்டுனாலே இரும்பு தண்ணியாட்டம் ஓடுமுங்க. நான் தினமும் பாக்கறனுங்க" என்றேன். வகுப்பே என் பக்கம் திரும்பிற்று. டீச்சர் கோபிக்கவில்லை. "உங்க உலை மேல என்ன அழுத்துது சார்? காத்து மட்டும்தானே? அதுக்கு மேல மொத்த பூமியும் உக்காந்திருக்குது" என்றார். நான் உட்கார்ந்தேன். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. நாம் தோட்டத்தில் போர்வெல் போடுகிறோமே, ஆயிரத்து இருநூறு அடி போனதைப் பெருமையாக எனக்குச் சொன்னீர்களே, அது பூமியின் தோலில் ஊசி குத்தியதுகூட இல்லை மச்சான்.

கணக்கு வாத்தியார் ஒரு முக்கோணத்தை வெட்டி, மூன்று மூலையையும் கிழித்து ஒட்டிக் காட்டினார். மூன்றும் சேர்ந்து நேர்கோடாகிவிட்டது. ஏதோ ஒரு முக்கோணத்துக்கு அப்படி அமைந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்து ஒல்லி, குண்டு, கோணல் என்று விதவிதமாக வெட்டிக் கிழித்துப் பார்த்தேன். காலண்டர் தாள் தீர்ந்து, கல்யாணப் பத்திரிகைகள் தீர்ந்து, கடைசியில் கம்பெனிக்கு வந்த ஆர்டர் காகிதமும் போயிற்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. உங்கள் தங்கை வேப்பிலையோடு வந்து நின்று, "ஏனுங்க, மாரியாத்தா இருக்கற ஊட்டுல இப்பிடிக் குப்பை போடறீங்களே, உங்களுக்கென்ன வந்துச்சு?" என்று சத்தம் போட்டாள். உள்ளே படுத்திருந்த லோகப்பிரியாதான் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "அப்பா, உலகத்துல இருக்கற எல்லா முக்கோணத்தையும் கிழிச்சுப் பாக்க முடியாதுங்கப்பா. உச்சியில, அடிக்கோட்டுக்கு ஒரு இணைகோடு போடுங்க. ஒன்னையும் கிழிக்காம எல்லாத்துக்கும் நிரூபிச்சரலாம்." போட்டுக் காட்டினாள். நான் தரையில் கிடந்த காகிதக் குவியலுக்கு நடுவே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு கோடு, இனிமேல் யார் எங்கே வரையப்போகிற முக்கோணத்துக்கும் சேர்த்து.

தமிழய்யா 'பசு' என்று சொல்லச் சொன்னார், பிறகு 'பாக்கு' என்று சொல்லச் சொன்னார். பசுவில் உதடு குவிந்து உகரம் முழுசாக வருகிறது, பாக்கில் பாதியிலேயே நின்றுவிடுகிறது, அதற்குக் குற்றியலுகரம் என்று பெயர். நீங்களும் சொல்லிப் பாருங்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் என் வாய் இத்தனை வருஷமாக அரை மாத்திரையைச் சரியாகக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது, முதலாளியான எனக்கு ஒரு தகவல் இல்லை. இங்கிலீஷ் டீச்சர், 'அவன் ஜன்னலை உடைத்தான்' என்பதை 'ஜன்னல் உடைக்கப்பட்டது' என்று மாற்றச் சொல்லிக்கொடுத்தார். உடைத்தவன் பெயரே வெளியே வராது! நம் கம்பெனியில் "மோட்டாரு கருகிப்போச்சுங்க" என்று வந்து நிற்பார்களே, அதற்கு இங்கிலீஷ்காரன் தனி இலக்கணமே வைத்திருக்கிறான் மச்சான்.

இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் நடத்துவதில்லை என்று பொங்கலன்று நீங்கள் சொன்னீர்கள், நானும் தலையை ஆட்டினேன். இப்போது அந்தத் தலையை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஜன்னலுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு, கேட்டதையெல்லாம் அவளுக்குச் சொல்வேன். நான் சொல்வதில் பாதி தலைகீழாக இருக்கும், அவள் சிரித்துக்கொண்டே திருத்துவாள். பூமியின் இரும்பைச் சொன்ன அன்றைக்கு, "அப்பா, அந்த இரும்பும் உங்க உலையில இருக்கற இரும்பும் ஒரே எடத்துல பொறந்ததுங்க, நட்சத்திரத்துக்குள்ள. யாஸ்மின் டீச்சர் எங்களுக்குச் சொன்னாங்க" என்றாள். அப்புறம் ஷேக் பரீத் கரண்டியால் அள்ளி ஊற்றும்போது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படியொரு செய்தியை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை எப்படிச் சாதாரணமாகச் சோறு தின்கிறாள்?

நேற்று சாயங்காலம் அவளிடம் கேட்டேவிட்டேன். "கண்ணு, அந்த ஹாஸ்டலுக்குப் போறதுக்கு உனக்கு இஷ்டம்தானா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்கப்பா" என்றாள்.

"அப்பறம் ஏன் அம்மணி பொங்கலன்னிக்குச் சொல்லலை?"

"யாருமே எங்கிட்டக் கேக்கலையேப்பா. நீங்களும் மாமாவும் பேசி முடிச்சுப்போட்டீங்க. டாக்டருக்குப் படிக்கறதா வேண்டாமான்னு இன்னும் எனக்கே தெரியலை. அங்க பரீட்சைக்கு வர்றதை மட்டும்தான் நடத்துவாங்களாம். பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு கேட்டா நேரமில்லைம்பாங்களாம்."

அவ்வளவுதான் மச்சான். நல்ல எண்ணத்தில்தான் நீங்கள் அலைந்து இடம் வாங்கினீர்கள், எனக்குத் தெரியாதா. ஆனாலும் அவளை நான் அனுப்பப்போவதில்லை. அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பில் என்னென்ன வரப்போகிறதோ, அவள் அங்கே போய்விட்டால் எனக்கு யார் வந்து சொல்வார்கள்? இதை நேரில் சொல்ல ஞாயிற்றுக்கிழமை நானே சத்தியமங்கலம் வாரேன், அக்காவிடம் சொல்லிவையுங்கள். திட்டுவதாக இருந்தால் சாப்பாட்டுக்கு அப்புறம் திட்டுங்கள். பண்ணாரியம்மன் உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். உங்கள் தங்கையும் லோகப்பிரியாவும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள்.

என்றும் உங்கள் வார்த்தைக்கு மரியாதை உள்ள, இந்த ஒரு வார்த்தையைத் தவிர,
கிருபாசங்கர்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. கையெழுத்துப் போட்டு எழுந்தபோது உடம்பு கணகணவென்றிருந்தது, சட்டையைக் கழற்றிப் பார்த்தால் வயிற்றில் நாலு கொப்புளம். சின்ன வயதிலேயே எனக்குப் போட்டுவிட்டது என்று தைரியமாக இருந்தேன், அம்மாவைக் கேட்டால் அது என் தம்பிக்காம். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வகுப்பு மொத்தத்துக்கும் லீவு விட்டுவிட்டார்கள், பரீட்சையும் தள்ளிப்போயிற்று, தெருவில் போகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைகளெல்லாம் நம் வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அம்மை அடுத்தவருக்குப் பரவும் என்று லோகப்பிரியா சொல்கிறாள். எது எது வழியாகப் பரவும் என்கிற பாடம் நடந்த வெள்ளிக்கிழமை நான் கருமத்தம்பட்டிக்குத் தறிச் சாமான் கொண்டு போயிருந்தேன். அதனால் இந்தக் கடிதத்தைக் கையால் தொடாமல், பிரிக்காமல், படிக்காமல் அப்படியே அடுப்பில் போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விவரமெல்லாம் போனில் சொல்கிறேன்.