பத்தாம் தரத்துக்கு நான் கொடுத்த படிவம்

பாடம் நடத்தத் தெரியாத ஆசிரியரால் பெரிய சேதம் வராது. பிரமாதமாக நடத்தக் கிளம்புகிறவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கில இலக்கியம் படிப்பித்த முதல் வருடம். அரசாங்கம் எல்லோரையும் வேவு பார்க்கிற பழைய நாவல் ஒன்றை எடுத்திருந்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். (ஜன்னலுக்கு வெளியே கப்பல் நிற்கும்போது நாவல் எம்மாத்திரம்?) பயம் என்றால் என்னவென்று காட்டுகிறேன் பார் என்று எனக்கு ரோசம் வந்தது.

சண்டைக் காலத்தில் ஆமி வீடு வீடாக நிரப்பச் சொன்ன மாதிரி ஒரு பதிவுப் படிவம் தயாரித்தேன். வீட்டில் இருப்போர், வந்து தங்கியோர், இரவில் என்ன கதைப்பார்கள். கீழே முத்திரை வேறு. (உருளைக்கிழங்கில் வெட்டினேன். அவ்வளவு கலையார்வம்.) பாடத்துக்கு என்று சொன்னால் சுவை கெட்டுவிடும் என்பதால் அதைச் சொல்லவில்லை. இரண்டு நாளில் பெற்றோர் நிரப்பித் தர வேண்டும் என்றேன்.

வீட்டுப்பாடம் ஒருநாளும் முழுதாக வராத வகுப்பில் முப்பத்திரண்டில் முப்பத்தொரு படிவம் வந்தது. அடையாள அட்டைப் பிரதி இணைத்திருந்தார்கள். இரண்டு பேர் ஊரின் அரசாங்க அலுவலரான கிராம சேவையாளரின் ஒப்பமும் வாங்கியிருந்தார்கள். (அந்த மனிதரும் ஒன்றும் கேட்கவில்லை!) இரவில் என்ன கதைப்பார்கள் என்பதற்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்: ஒன்றும் கதைப்பதில்லை.

மிச்சப் படிவத்தோடு மாணவி தர்ஷினியின் அம்மா பாலையூற்றிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு பெடியனின் புகைப்படமும் இருந்தது.

"ரீச்சர், மூத்தவன்ர பேரையும் எழுதலாமோ? சண்டைக்குள்ள பிடிச்சுக்கொண்டு போனவங்கள். இன்னும் வரேல்லை."

நான் வாய் திறக்குமுன், "வயசு அப்பத்தையதோ, இப்பத்தையதோ போடுறது?" என்றார்.

"அம்மா, இது... பாடத்துக்கு. சும்மா விளையாட்டுக்குச் செய்தனான்."

"விளையாட்டோ?"

அவர் கோபிக்கவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் தப்பியிருப்பேன்.

"பரவாயில்லை ரீச்சர். எத்தினையோ இடத்தில பதிஞ்சிட்டன். உங்களிட்டயும் ஒண்டு இருக்கட்டும்." படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் என் கணவர், "இஞ்சரும், இது அரசாங்கமோ, நீரோ?" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன், வெட்கம் இன்னும் போகாமலேயே.

படத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு தடவை பாலையூற்றுக்குப் போனேன். இரண்டு தடவையும் அந்த அம்மா தேத்தண்ணீர் தந்து, படத்தோடேயே அனுப்பிவிட்டார்.