கருப்பனுக்கு நான் வரைந்த கோரைப்பல்

ஒரு கதையில் யார் நாயகன், யார் எதிர்நாயகன் என்று கண்டுபிடிப்பது சுலபமான வேலை, அந்தக் கதை நடந்த ஊருக்கே போய் அதைச் சொல்லாதவரை. நான் போய்ச் சொன்னேன். சார்ட் ஒட்டி, குச்சியால் தொட்டுக் காட்டி, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அப்போது பி.எட். முடித்த சூட்டோடு, அலங்காநல்லூர் போகும் வழியில் ஒரு மிஷன் பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வீடு மதுரை வில்லாபுரத்தில். தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் (முதல் பஸ்ஸில் நின்றுகொண்டு, இரண்டாவதில் கிட்டத்தட்டத் தொங்கிக்கொண்டு). வேலை நிரந்தரமாகவில்லை. “தாளாளர் ஃபாதர் வந்து ஒன் வகுப்ப ஒரு தடவ பாக்கட்டும் பிரின்சி, அப்புறம் ஆர்டர் போடுவோம்” என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொல்லியிருந்தார். வராத அந்த ஆர்டரை வந்துவிட்டதாகவே எங்கள் தெரு முழுக்கச் சொல்லி, அப்பா லட்டு வேறு கொடுத்துவிட்டார். ஆக, அந்த ஒரு வகுப்பில் நான் சொதப்பினால் வேலையும் போகும், தெருவில் தலைகாட்டவும் முடியாது.

பாடம்: கதையில் நாயகன், எதிர்நாயகன், மோதலின் வகைகள். உதாரணத்தைப் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்தே எடுக்க வேண்டும் என்று பி.எட்.டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் வாழ்க்கை என்றால் மாடுதான். எனக்கு மாட்டைப் பற்றிய ஞானமெல்லாம் பால் பாக்கெட்டோடு முடிந்துவிடும். ஜல்லிக்கட்டை டிவியில் பார்த்ததுண்டு, அதுவும் விரலிடுக்கு வழியாக. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு ஒரு கதை கட்டினேன். வேலன் என்கிற வீரன் நாயகன். ஊரையே மிரட்டும் முரட்டுக் காளை எதிர்நாயகன். மோதலின் வகை, மனிதனுக்கும் இயற்கைக்கும். பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படம் வேண்டுமே! பள்ளிக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடையை ஒட்டி அந்த வாரம் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கன்னங்கரேலென்று ஒரு காளை, கழுத்தில் மாலையோடு பார்வையாலேயே பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி நின்றது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதபடி டீக்கடையின் தார்ப்பாய் மறைத்திருந்தது. மதுரைக்காரிக்கு ஃப்ளெக்ஸ் என்ன புதுசா? காதுகுத்துக்கும் கட்டுவார்கள், கட்சிக்கும் கட்டுவார்கள். இது ஜல்லிக்கட்டு விளம்பரம் என்று நானே முடிவு செய்து, பஸ் ஜன்னல் வழியாக ஒரு போட்டோ எடுத்தேன். பெரிய சைஸில் கலர் பிரிண்ட் போட்டேன்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். எதிர்நாயகன் என்றால் பார்த்ததுமே தெரிய வேண்டாமா? கண்ணைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பினேன். மாலை கொஞ்சம் மங்களகரமாக இருந்ததால் அதைக் கறுப்பு மார்க்கரால் அழித்தேன். அப்போதும் மனசு நிறையவில்லை. வாயின் இரண்டு ஓரத்திலும் கோரைப்பல் வரைந்து, அதிலிருந்து ரத்தம் சொட்டவிட்டேன். மேலே கொட்டை எழுத்தில் ‘எதிர்நாயகன்’.

ஃபாதர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் சிஸ்டர். வகுப்பில் பையன்கள் பாதிப் பேர் புதிதாக மொட்டை போட்டிருந்தார்கள். ஏதோ கோயிலுக்குப் போய் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேலனின் வீரத்தை விவரித்துவிட்டு, “இவனை எதிர்த்து நிற்கும் கொடியவன் யார் தெரியுமா?” என்று கேட்டு, சுருட்டி வைத்திருந்த சார்ட்டைப் படாரென்று விரித்தேன்.

வகுப்பு அடங்கிப்போனது. சந்தை மாதிரி இரைச்சலாக இருக்கும் அந்த வகுப்பு அப்படி அடங்கி நான் பார்த்ததே இல்லை. ஆகா, நம் படம் பேசுகிறது என்று பூரித்தேன். இரண்டாம் பெஞ்சில் முத்துச்செல்வி மெதுவாக எழுந்தாள்.

“மிஸ்... அது எங்க கருப்பன் மிஸ்.”

“யாரும்மா கருப்பன்?”

“எங்க வீட்டு மாடு மிஸ். போன வாரந்தான் செத்துப்போச்சு மிஸ்.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. அவளைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை அழுதது. அதைப் பார்த்து மொட்டைகள் எல்லாம் அழுதன. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் விம்மலுக்கு நடுவே, “மிஸ், மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாது மிஸ்” என்றது. ஃபாதர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். என் வேலை அந்தப் பேனாவோடு உள்ளே போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

சிஸ்டர் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். “அது கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்மா. மாலை போட்டிருக்கே, பாக்கல? மேளம் வச்சு, மனுசருக்குச் செய்யற மாதிரி அடக்கம் பண்ணாங்க. ஊரே மொட்ட போட்டுருக்கு, ஒனக்கு ஒன்னுமே தோணலையா?”

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். முத்துச்செல்வியின் வீடு பள்ளிக்கு அடுத்த தெரு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போவாள். போய்ச் சொல்வாள்.

போனாள். வகுப்பறைக்குத் திரும்பி வந்து பார்த்தால் சுவரில் சார்ட்டும் இல்லை. அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு வாய் கூட வைக்காமல் மூடினேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ஜன்னலுக்கு ஓடினேன். பால் வண்டி போனது. கேஸ் வண்டி போனது. மூன்றாவதாக ஒரு குட்டியானை வண்டி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. பின்பக்கத்திலிருந்து மொட்டைத் தலைகளாக இறங்கின. இறங்கிக்கொண்டே இருந்தன. ஒருவர் கையில் என் சார்ட்.

விளையாட்டுச் சாமான் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். காற்று போன பந்துகளுக்கு நடுவே குந்தி, தெரிந்த ஜெபங்களையெல்லாம் சொன்னேன். பாதியில் மறந்து, அடுத்ததை ஆரம்பித்தேன். ஓடிவிடு என்றது ஒரு மனசு. அந்தப் பிள்ளை அழுத முகத்தைப் பார்த்தாயே, போய் மன்னிப்புக் கேள் என்றது இன்னொரு மனசு. மனிதனுக்கும் தன் மனதுக்கும் நடக்கும் மோதலுக்கு நல்ல உதாரணமே கிடைக்கவில்லை என்று முந்தின நாள்தான் புலம்பியிருந்தேன். (கிடைத்தது. குறித்துக்கொள்ளத்தான் கையில் பேனா இல்லை.)

கதவைத் தட்டினார் சிஸ்டர். “பிரின்சி, வெளிய வா. பயப்படாத.”

“ஃபாதர் எங்க சிஸ்டர்?”

“அவரும் பயந்துபோய் என் ரூம்லதான் இருக்காரு. நீ வா.”

முத்துச்செல்வியின் அப்பா மாயாண்டி அண்ணன் நடுவில் நின்றார். மொட்டைத் தலை. அதற்கு ஈடுகட்டுகிற மாதிரி மீசை. சார்ட்டை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இது யாரு வரைஞ்சது?”

“நான்தான்ணே.” சிஸ்டருக்குப் பின்னால் பாதி ஒதுங்கிக்கொண்டேன். “தெரியாம செஞ்சுட்டேன்ணே. மன்னிச்சுருங்க.”

அவர் கோரைப்பல்லை விரலால் தடவிப் பார்த்தார். அந்த விரல் என் கழுத்துத் தடிமனுக்கு இருந்தது.

“எம் பிள்ள மாதிரி வளத்தேன் டீச்சர். எம் மக மத்தியானம் ஒரு வாய் சோறு திங்கல. நாளைக்குக் கருப்பனுக்குக் காரியம். ஊரு பூரா வரும். நீங்க வந்து, இதே கதைய மைக்குல மாத்திச் சொல்லணும்.”

“நான்... நாளைக்கு வர முடியாமப் போச்சுன்னா?”

“நீங்க வரலைன்னா நாங்க வாரோம்.”

மறுநாள் போனேன். சிஸ்டரின் கையைப் பிடித்த பிடியில் அவர் விரல் வெளுத்துவிட்டது. பந்தல் போட்டு, கருப்பனின் படத்துக்கு விளக்கேற்றி, ஜனம் அம்புட்டும் தரையில் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் பக்கம் முழுக்க மொட்டை. மைக்கை என் கையில் கொடுத்தார்கள். முதலில் ஊர் கேட்டது என் பல் தந்தியடிக்கிற சத்தத்தைத்தான்.

“இந்தக் கதையின் நாயகன்... கருப்பன்” என்றேன்.

ஒரே விசில். பந்தல் அதிர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாத்தியார் புத்தி யாரை விட்டது? பழக்க தோஷத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது: “அப்படியென்றால் எதிர்நாயகன் யார்?”

விசில் நின்றது. கேட்ட கேள்வியின் வீரியம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பங்காளிகள், சம்பந்திகள், வரப்புத் தகராறுக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்கிற இடத்தில் நின்று, உங்களில் வில்லன் யார் என்று மைக்கில் கேட்டிருக்கிறேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். முன்னால் நடந்து வந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“கண்ணத் தொறந்து பாருங்க டீச்சர். இந்தத் தழும்பு கருப்பன் குத்துனது. வாடிவாசல்ல மொதல்ல என்னையத்தான் தூக்கிப் போட்டான். வில்லன்னு என்னைய எழுதிக்கங்க.”

“யேய் மாப்ள, ஒன்னைய போற போக்குல இடிச்சான்டா!” என்று இன்னொருவர் வேட்டியைத் தொடைக்கு மேல் ஏற்றினார். “என்னையத் தேடி வந்துல்ல குத்துனான்! நான்தான் வில்லன்.”

“அப்ப நான் யாரு? ஒரு மாசம் பெரியாசுபத்திரில கெடந்தேன்!”

பந்தல் முழுக்கச் சட்டைகள் கழன்றன. கருப்பனிடம் குத்து வாங்கியதே அந்த ஊரில் ஒரு பட்டம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் வில்லன், இல்லை நான்தான் வில்லன் என்று தள்ளுமுள்ளு ஆரம்பித்து, மைக் ஸ்டாண்ட் என் காலில் விழுந்தது. சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். மனிதனுக்கும் இயற்கைக்கும் என்று நான் ஆரம்பித்த மோதல், மனிதனுக்கும் மனிதனுக்கும் என்று ஆகிவிட்டது.

மாயாண்டி அண்ணன் மைக்கைப் பிடுங்கினார். “யப்பா, போதும்! நீங்க அம்புட்டுப் பேரும் கருப்பன்கூட வெளயாண்டவங்க. எவனும் அவன அசிங்கப்படுத்தல. பல்லு வரைஞ்சதும் டீச்சர், எம் புள்ளைய அழ வச்சதும் டீச்சர். அவுகதான் வில்லி. என்ன சொல்றீக?”

ஊர் ஒரே குரலில் ஆமோதித்தது. தழும்புக்காரர்கள் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். முத்துச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. பந்தியில் மாயாண்டி அண்ணனே இலைக்கு எதிரில் வந்து நின்று, “யப்பா, வில்லிக்கு இன்னும் ரெண்டு கரண்டி கொழம்பு ஊத்து” என்றார். முந்தின நாள் சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

ஆர்டர் வந்தது. ஒரு பாடத்துக்கு வகுப்பே அழுது பார்த்ததில்லை என்று ஃபாதர் சொன்னாராம். பாராட்டா என்று சிஸ்டரிடம் கேட்டேன். கேட்காமல் வாங்கிக்கொள் என்றார்.

மறுவருடம் அதே இடத்தில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். நடுவில் கருப்பன், கீழே ‘நாயகன்’. அடியில் வரிசையாகத் தழும்புக்காரர்களின் சின்னச் சின்னப் படங்கள். வரிசையின் கடைசியில், பள்ளி குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த என் முகம். கண்ணில் சிவப்பு. வாயோரம் இரண்டு கோரைப்பல். கீழே ‘வில்லி’. (வரைந்தது முத்துச்செல்வி. கைவேலை என்னுடையதை விட நேர்த்தி.) இந்தத் தடவை டீக்கடைக்காரர் தார்ப்பாயை மரியாதையாகச் சுருட்டிக் கட்டியிருந்தார்.

அந்த வருடம் என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை. நான் காபியோடு வந்து நின்றதும் அவர் துள்ளி எழுந்தார். “உங்கள எனக்குத் தெரியுமே! அலங்காநல்லூர் ரோட்டுல, பல்லோட பாத்துருக்கேன்!” அப்பா கையிலிருந்த லட்டுத் தட்டு சாய்ந்தது. முழுக் கதையையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவர் சட்டையெல்லாம் காபி.

அவரையேதான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் வீட்டில் எங்களுக்குள் சண்டை வந்தால், தப்பு யார் மேல் என்ற கேள்விக்கு அவர் பதிலே சொல்வதில்லை. ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த திசையில் கையை நீட்டி, “நாயகன் கருப்பன், வில்லி நீ. இந்தக் கதையில என் போட்டோவே கெடையாது, என்னைய ஏன் இழுக்கிற?” என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டுவிடுகிறார்.