முனியாண்டிக்கு அடையாளக் கார்டு இல்லை

"சட்டியில என்னக்கா?"

"சோறும் கோழிக்குழம்பும்."

ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கதவில் நின்ற காவல்காரன் சட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத் தீனி போய்விடக் கூடாதென்று, வேலிக்கு வெளியே எந்தச் சாப்பாட்டையும் கொண்டுபோகத் தடை. திங்கட்கிழமை வந்த சட்டம்.

மயிலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் முருகையா விஷக்காய்ச்சலில் பிழைத்து எழுந்த நாளிலிருந்து, ஒரு வெள்ளி தவறாமல் காட்டோர முனியாண்டிக்குப் படைக்கிறவள் அவள். சாமிக்குச் சோறு போட இவன்களிடம் உத்தரவு கேட்க வேண்டுமா?

"பெர்மிட் கொண்டாந்தா விட்டுர்றேன் லா," என்றான் அவன்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசு ஒரு பெர்மிட் பாரத்தை எடுத்துப் பேனாவை உதறினார்.

"சோறு யாருக்கு?"

"முனியாண்டிக்கு. உங்களுக்குத் தெரியாதாய்யா?"

"எனக்குத் தெரியும். பாரத்துக்குத் தெரியணுமில்ல? இருக்கிற இடம்?"

"காட்டோரம்."

"அடையாளக் கார்டு?"

"சாமிக்கு ஏதுய்யா கார்டு!"

'கார்டு இல்லை' என்று எழுதிச் சிரம்பான் போலீஸ் ஆபீஸுக்கு அனுப்பிவைத்தார் அந்த மகானுபாவர்.

மூன்றாம் நாள், காட்டு ரோந்துப் படையோடு ஓர் அதிகாரி துரை ஜீப்பில் வந்திறங்கினார். மயிலம்மாளைப் பால்வாளியும் கையுமாக இழுத்துவந்து நிறுத்தினார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி எச்சரித்துவிட்டு, கிராணி மொழிபெயர்த்தார்.

"அந்த முனியாண்டிகிட்ட ஆயுதம் உண்டான்னு கேக்கிறாரு."

"ஆளுயர அரிவா இருக்குதே!" என்றாள் பெருமையாக.

"எத்தனை நாளா சோறு போடுறே?"

"ரெண்டு வருசமா."

துரை பரபரவென்று எழுதிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு விபரீதம் உறைத்தது.

"ஐயோ, அது கல்லுச் சாமி! ஆளு இல்லேன்னு சொல்லுங்கய்யா!"

கிராணி சொன்னார். துரை சிரித்தார்.

"கல்லுன்னா, வச்ச சோறு வச்சபடி இருக்கணுமேங்கிறாரு."

இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் சாமியைக் குறைத்துச் சொன்னால் அவளுக்குப் பொறுக்குமா?

"எஞ்சாமி ஒரு பருக்கை மிச்சம் வைக்காது! சுருட்டுகூடக் காணாமப் போயிரும்!"

சுருட்டுப் பிடிக்கிற கல்லைத் துரை கேள்விப்பட்டதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பயங்கரவாதிகளுக்குச் சோறு போட்டவர்கள், பொது அமைதிக்கு ஆபத்து, இருவரையும் இந்தியாவுக்குக் கப்பலேற்று என்று எழுதினார். கோர்ட் இல்லை, வக்கீல் இல்லை. ஒரு கையெழுத்துப் போதும். ஜனங்களைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டமாம்!

"நாங்க பொறந்ததே இந்த லிங்கியில! இந்தியாவுல எங்களுக்கு யாரு இருக்கா?" மயிலம்மாள் வாளியைத் தரையில் ஓங்கி வைத்தாள். பால் தெறித்துத் துரையின் பூட்ஸை நனைத்தது. "சோறு போட்டது குத்தமா? அதைத் தின்னது யாருன்னு ஒரு வார்த்தை விசாரிச்சீங்களா?"

கையெழுத்துப் போடத் துரை பேனா மூடியைக் கழற்றினார்.

ரோந்துப் படை வரிசையிலிருந்து அர்ச்சுனன் என்ற போலீஸ்காரன் ஓரடி முன்னால் வந்தான். சல்யூட் அடித்துவிட்டு, கிராணியிடம் கவலையோடு சொன்னான்:

"ஐயா, துரைகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க லா. இந்தக்காவைக் கப்பலேத்திட்டா, வெள்ளிக்கெழமை எங்க படைக்கு யாருய்யா கோழிக்குழம்பு வைப்பா?"