குடிசையைச் சுற்றிய இருபது நொடி அலை

எப்போதும் மரியாதைக்கும் அவ்வப்போது சண்டைக்கும் உரிய அக்காவுக்கு,

இங்கே நான் நலம், கருவிகள் நலம். நீயும், உள்ளேயிருந்து உன்னை உதைக்கும் அந்த மனிதரும் நலம்தானே?

வரும் வியாழக்கிழமை நீ பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். "அம்மா வேண்டாம், அழுதே ஊரைக் கூட்டிடுவா. நீதான் பக்கத்துல இருக்கணும்" என்றாய். என்னால் வர முடியாது அக்கா. திட்டுவதற்கு முன் காரணத்தைப் படி. நான் ஓர் அலையைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஓயாமல் காற்றுபோல் வீசுகின்றன. அவை ஒன்றோடொன்று மோதுவதே அபூர்வம். ஆனால் ஒன்றின் பதற்றம் தூரத்திலிருந்தே மற்றதைப் பிடித்துக்கொள்ளும், நம் குடும்பம் மாதிரி. அப்படிக் கொந்தளித்து வந்து பூமியின் காந்தப்புலத்தை அவை இடிக்கும்போது எழும் அலைகள், மெல்லிய நடுக்கமாகத் தரைவரை வரும். அதைப் பிடிக்கத்தான் எங்கள் ஆய்வு நிலைய வளாகத்தின் கோடியில், ஓர் இரும்பு ஆணிகூட இல்லாமல் கட்டிய மரக்குடிசைக்குள் ஒரு கருவி இருக்கிறது. இரும்பு பக்கத்தில் வந்தாலே அது குழம்பிவிடும் என்பதால், வேலிக்குள் நுழையுமுன் சாவி, பெல்ட், ஹேர்பின் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தட்டில் போட்டாக வேண்டும். டெக்னீஷியன் அண்ணன் இதில் தயவுதாட்சண்யம் பார்ப்பதில்லை. பார்வையிட வந்த இயக்குநரின் பெல்ட்டையே கழற்ற வைத்துவிட்டார். பாவம், மனிதர் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே எங்களைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கருவியில்தான் பத்து நாளாகக் காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும், இருபது நொடிக்கொருமுறை ஏறி இறங்கும் அலை! எங்கள் பேராசிரியை திரையைப் பார்த்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. இன்னும் ஒரு வாரம் பதிவாகட்டும்." சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல், அன்றைக்கென்று அலையும் வரவில்லை, அதற்கு நாலு பக்க விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நீ போனில் பயமாயிருக்கிறது என்று அழுதாயே, அந்தத் திங்கட்கிழமை ஒரு மணி நேரம் விடாமல் அடித்தது. சூரியனில் என்ன கலவரமோ. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உட்கார முடியவில்லை. டீ இடைவேளையில் யாரோடும் பேசப் பிடிக்காமல் வேலிக்குள் போய்க் குடிசையைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். நல்லவேளை, நீ வாங்கித் தந்த ஷூ கனமாக இருந்தாலும் கால் வலிப்பதில்லை.

இப்போது விட்டுவிட்டு வந்தால் வேறு யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். நீ தைரியசாலி. நான் வந்தும்தான் என்ன, வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நடப்பேன்.

அத்தானுக்கு வணக்கம், அவர் மயங்கி விழாமலிருக்க என் ஆசிகளும். பிறக்கப்போகிறவருக்குச் சித்தியின் முத்தங்கள்.

உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டும்போது டெக்னீஷியன் அண்ணன் தட்டோடு வந்து நின்றார். "ஏம்மா, சனிக்கிழமை நீ வரலை, அலையும் வரலை. எங்க, அந்த ஷூவைக் கழட்டு." கழற்றினேன். காந்தத்தைக் காட்டினார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அடியில் இரும்புத் தகடு அக்கா! குடிசையை ஒருமுறை சுற்ற எனக்குச் சரியாக இருபது நொடி. "சூரியன் மேல பழியைப் போடாதே. திங்கக்கிழமை ஒரு மணி நேரமா என்னம்மா அவ்வளவு கவலை?" என்றார். பதிலுக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியை என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

புதன் இரவே கிளம்புகிறேன். தபாலை நம்பாமல் இந்தக் கடிதத்தை நானே உன் கையில் தருகிறேன். அதே ஷூவோடுதான் வருவேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைக் கழற்றச் சொல்ல ஆளில்லை.