ஈஜிபுராவில் ஓர் ஊசிப் பந்தி

ஈஜிபுரா, பெங்களூரு
வியாழக்கிழமை, மத்தியானம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் கணேசமூர்த்தி அவர்களின் சமூகத்துக்கு, மாப்பிள்ளை அருண்குமார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை லாவண்யா, உங்கள் மருமகள் ஸ்னேஹா மூவரும் சுகம். அங்கே அக்கா சுகமா, பிள்ளைகள் சுகமா, என் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் சுகமா? என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டீர்கள். லாவண்யா பேசினால், "காது குத்த எப்ப வர்றான்னு உன் புருஷன் கைப்பட எழுதிக் குடுக்கட்டும்" என்கிறீர்களாம். இதோ எழுதிவிட்டேன் மச்சான்! அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, திருப்பத்தூரில், தாய்மாமன் உங்கள் மடியில் ஸ்னேஹாவுக்குக் காதுகுத்து. இனி ஒரு தடையும் இல்லை!

கடைசித் தடுப்பூசி போடாமல் காது குத்த விடமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததைத் தலைக்கனம் என்றீர்கள். என் அப்பாவை நீங்கள் பார்த்ததில்லை. அவருக்குக் கீழாநெல்லி அரைத்து அரைத்து எங்கள் அம்மிக்கே பச்சை ஏறியது, அவர் கண்ணில் இருந்த மஞ்சள் மட்டும் இறங்கவே இல்லை. ஈரலைத் தின்னும் அந்தக் காமாலைக் கிருமி ரத்தத்தில் தொற்றும், ஒருவருக்குக் குத்திய ஊசியிலும் தொற்றும் என்று டாக்டர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. நீங்களோ ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே ஊசியால் காது குத்துகிறவருக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டீர்கள். அந்தக் கிருமியைத் தடுப்பதும் இந்தத் தடுப்பூசிதான். எனக்குப் பயம் மச்சான், அவ்வளவுதான்.

லாவண்யா தாய்வீட்டில் இருந்தவரை உங்கள் புண்ணியத்தில் ஊசியெல்லாம் ஒழுங்காக நடந்தது. பெங்களூருக்கு வந்த பிறகு பாக்கி ஒன்றே ஒன்று. அதற்குப் பட்ட பாட்டைக் கேளுங்கள். நம் பக்கம் தடுப்பூசி என்றால் புதன்கிழமை என்பது ரத்தத்தில் ஊறியதாயிற்றே, பொம்மசந்திரா கம்பெனியில் கையைக் காலைப் பிடித்துப் புதன்கிழமை லீவு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனால், இங்கே வியாழக்கிழமை என்கிறார்கள்! மறு வியாழன் கேட்டால், "போன வாரம்தானே குழந்தைக்கு ஊசின்னு லீவு எடுத்த, மறுபடியும் அதே குழந்தையா?" என்று சூப்பர்வைசர் சிரிக்கிறார். நான் இல்லாமல் லாவண்யா தனியாகப் போனாள்; அவளுக்குக் கன்னடம் என்றால் "கொஞ்சம்" என்பதற்கான "சொல்ப"வோடு சரி, யாரையோ என்னவோ கேட்டு, அரைநாள் கண் மருத்துவ வரிசையில் நின்றுவிட்டு வந்தாள். அடுத்த தடவை இருவரும் கிளம்பினோம், பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது, நாங்களே பயந்துபோய் பாதி வழியில் திரும்பிவிட்டோம். லேசான சளிக்கெல்லாம் ஊசியை நிறுத்த வேண்டாம் என்று பிறகு மமதாவிடம் திட்டு வாங்கினோம்.

மமதா யார் என்கிறீர்களா? எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளர். பேச்சு தமிழும் கன்னடமுமாகக் கலந்து வரும். நாள் தள்ளிப்போனதே, முதலிலிருந்து போட வேண்டுமோ என்று கேட்டேன். "விட்ட எடத்துலேருந்து போட்டா போதும் சார். இந்தத் தெருவுலயே நெறைய பசங்களுக்கு பாக்கி இருக்கு. நீங்க எல்லாரையும் சேத்து வெச்சா, வியாழக்கிழமை அங்கன்வாடியிலயே வந்து போடறேன்" என்றார். மச்சான், எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கல்யாணப் பத்திரிகை வைப்பது போல வீடு வீடாக ஏறினேன்! ஒருவர் "நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கு ஊசி?" என்றார், இன்னொருவர் "அடுத்த மாசம் வீடு மாத்தறோம், அங்க போய்ப் பாத்துக்கறோம்" என்றார். கீழ்வீட்டு எல்லம்மா ஆபீஸ்களில் துப்புரவு வேலை செய்பவர், கதவையே மறித்துக்கொண்டார். "ஊசி போட்டா காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தா நான் வேலைக்குப் போவ முடியாது. நீ வந்து பாத்துக்குவியா?" "பாத்துக்கறேங்க!" என்று சொல்லிவிட்டேன். இப்போது அவர் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அவர் மகன் விக்கி, ஊசி போட்ட தொடையோடு என் மடியில் தூங்குகிறான். ஒரு கையால்தான் எழுதுகிறேன், எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும்.

இன்று நடந்ததை நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்! ஆட்டோக்கார அப்பாதுரை அண்ணன் விடிந்ததுமே மைக் கட்டிவிட்டார்: "ஊசி போடாத கொயந்தைங்கள்லாம் வா வா, அங்கன்வாடியில மோர் குடுக்கறாங்கோ!" வாசலில் மாவிலைத் தோரணம், தட்டில் சந்தனம், கற்கண்டு. மமதா மருந்துப் பெட்டியோடு இறங்கி, "ஏன் சார் இது, மதுவெ மனை மாதிரி இருக்கு!" என்று கல்யாண வீட்டைக் கண்டதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். நம் வீட்டு விசேஷம், வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு நாம் முந்தி உட்காரலாமா? "நம்ம புள்ளைக்குக் கடைசிப் பந்தி" என்று லாவண்யாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சும்மாவா சொன்னார்கள்! அழுகைச் சத்தம்தான் நாதஸ்வரம், வீல் வீல் என்று தெருவே அதிர, முதலில் மறுத்தவர்கள் பிள்ளைகள் உட்பட ஒவ்வொரு பிள்ளையாக ஊசி போட்டுக்கொண்டு வெளியே வர, நான் வாசலில் நின்று மோரும் தாம்பூலப் பையும் கொடுக்க, எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான், அப்பா இருந்திருந்தால் என்று. கடைசியில் மமதாவின் பெட்டியை நானே தூக்கி அப்பாதுரை அண்ணன் ஆட்டோவில் வைத்து, மமதாவுக்கும் ஒரு தாம்பூலப் பை கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினேன். குறை என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே என் பக்கத்துப் பாக்கி தீர்ந்தது. காது குத்துகிறவரிடம் புது ஊசி கொண்டுவரச் சொல்லுங்கள், என் நம்பரையும் விடுவியுங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு, தாய்மாமன் சீரோடு உங்கள் குடும்பம் ஆலமரமாய்த் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
அருண்குமார்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதை நம்ப வேண்டாம். லாவண்யா இப்போதுதான் உள்ளே வந்தாள். இடுப்பில் ஸ்னேஹா, புதுக் கவுன், நெற்றியில் மை, தலையில் பூ. கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டு, "எல்லாம் சரி, நம்ம புள்ளைக்கு எப்பங்க போட்டாங்க?" என்றாள். "நீ கடைசிப் பந்திக்கு வரலியா?" என்றேன். "நீங்க வந்து கூப்புடுவீங்கன்னு குளிப்பாட்டி, பொட்டு வெச்சு, கதவுகிட்டயே உக்காந்திருந்தேன். அங்க போய்ப் பாத்தா தோரணந்தான் தொங்குது!" மமதாவுக்குப் போன் செய்தேன். அடுத்த தெரு முகாமையும் முடித்துப் மருந்துப் பெட்டியை ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பிவிட்டாராம். இந்தத் தெருவில் ஊசி போடாத ஒரே பிள்ளை, உங்கள் மருமகள்தான். விக்கி விழித்துக்கொண்டு என் சட்டையை நனைத்தும் விட்டான்.

அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. செவ்வாய்க்கிழமை மூவரும் பஸ் ஏறி, நானே உங்கள் கையில் கொடுக்கிறேன். படித்து முடித்ததும் அடிப்பதானால் அடியுங்கள். ஆனால் மறுநாள் புதன்கிழமை மச்சான், நம் ஊரில் ஊசி நாள்! காதுக்கு முன்னால் அந்த ஊசியையும் தாய்மாமன் மடியில் வைத்தே போட்டுவிடுவோம். காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். இந்தத் தடவை நம்ம பிள்ளை முதல் பந்தி.