ஆம்பூரில் இருபத்து மூன்று ஓசொல்சோபேக்கள்

"இல்லைன்னு எழுதி வச்சிருக்கீங்களே மொதலியாரே, மனுசனா நீங்க?"

அப்துல் ஹமீத் சாயபு பதில் கடிதத்தை மேஜைமேல் போட்டார். சாமிநாத முதலியார் பேனாவைத் துடைத்தபடி நிமிர்ந்தார். ஆம்பூரில் சாயபுவின் தோல் பதனிடும் டேனரிக்கு இருபத்தாறு வருஷமாக இங்கிலீஷ் குமாஸ்தா அவர்தான். அத்தனை வருஷத்தில் ஒரு பொய்க் கடிதம் எழுதியதில்லை என்பதைத் தவிர அவரிடம் பெருமைப்பட வேறு ஒன்றும் கிடையாது.

"இல்லாததை இல்லைன்னுதானே சாயபு எழுதணும்?"

"சொந்தக்காரன் யாராச்சும் இருக்கானான்னு ஒருத்தன் வாசப்படி ஏறி வந்து கேக்கறான். மூஞ்சில அடிச்சாப்ல இல்லைன்றதா? எங்க அப்பாஜான் காலத்துலேர்ந்து இந்த டேனரியில அந்தப் பேச்சே கிடையாது. மாத்தி எழுதுங்க."

வாசப்படி ஏறி வந்தது ஆள் இல்லை, ஒரு தபால் உறை. செக்கோஸ்லோவேகியா என்ற தேசத்தில் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தார். அவருடைய குடும்பப் பெயர் ஓசொல்சோபே. அந்தப் பெயர் எப்படி வந்தது, உலகத்தில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே ஆயுளைச் செலவழித்துவிட்டாராம். இதுவரை அறுபத்து மூன்று பேர் தேறியிருக்கிறார்கள். அவருடைய சித்தப்பா ஒருவர் தோல் பதனிடும் தொழிலில் 1886இல் இந்தியா வந்து ஆம்பூரிலிருந்து ஒரே ஒரு கடிதம் போட்டாராம். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அவர் வழியில் யாராவது உண்டா என்று கேட்டிருந்தார்.

பெயருக்குப் பொருளும் எழுதியிருந்தார். 'உனக்கு வேண்டிய உப்பை நீயே போட்டுக்கொள்' என்பதாம். இப்படியும் ஒரு பெயரா என்று முதலியார் அன்று சாப்பிடும்போது மனைவி சம்பூர்ணத்திடம் சொல்லி அலுத்துக்கொண்டார்.

"இதுல இன்னா அதிசயம்?" என்றாள் சம்பூர்ணம். "கொழம்புல உப்பு கம்மின்னு எவனோ சொல்லியிருப்பான். பொண்டாட்டிக்காரி சொன்ன பதில் அவன் பேராவே நின்னுபோச்சு."

முதலியார் உப்பு ஜாடியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். குழம்பில் உப்புக் கம்மியாகத்தான் இருந்தது.

மறுநாள் அவர் ஆபீஸ்காரர்களுக்கே உரிய வழியில் தப்பித்தார். இல்லை என்றும் எழுதவில்லை, உண்டு என்றும் எழுதவில்லை. 'விசாரித்து வருகிறோம்' என்று எழுதினார். எந்த ஆபீஸிலும் அதற்கு அர்த்தம் விசாரிக்கப் போவதில்லை என்பதுதான். இது ஐரோப்பாக்காரர்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தோன்றாமல் போயிற்று.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை டைப் அடித்திருந்தது. விசாரிப்பதற்குக் கோடி நன்றி என்றும், தம் ஊர் பூட்ஸ் ஆலையில் ஆம்பூர்த் தோலைப் பற்றிச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தது. மாதிரிக்கு ஐந்நூறு ஆட்டுத்தோல் வேண்டும் என்று ஆலையின் ஆர்டர் ஒன்றும் உள்ளே இருந்தது.

உலகமெங்கும் வியாபாரம் படுத்துக் கிடந்த சமயம் அது. டேனரியில் பாதித் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. நூற்றெண்பது ஆள்களில் எழுபது பேரை நிறுத்தியாகிவிட்டது. அந்தப் பட்டியலை எழுதியதும் முதலியார்தான். பெயர்களை எழுதியபோது அவருக்குக் கை கூசியது. தோலுக்கு உப்பிடும் உப்புக் கொட்டகைக் கன்னியப்பன் அன்று கும்பிட்டுவிட்டுப் போனது அவர் மனத்தை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா மொதலியாரே!" என்றார் சாயபு. "நல்ல வார்த்தைக்கு எவ்ளோ பலன்! விசாரிச்சாச்சுன்னு எழுதிடுங்க."

"விசாரிச்சாச்சு, யாரும் கிடையாதுன்னா?"

"அப்படி எழுதினா அடுத்த ஆர்டர் எங்கேர்ந்து வரும்?"

முதலியார் யோசித்தார். ஒரே ஒரு பொய், அதோடு கதவைச் சாத்திவிடலாம் என்று முடிவுகட்டினார். அந்தச் சித்தப்பா இங்கேயே 1897இல் காலராவில் காலமானார், கல்லறையை 1903 பாலாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதினார். இனி ஆளும் இல்லை, கல்லும் இல்லை. கேட்க என்ன இருக்கிறது?

பதிலில் நாலு வரி துக்கமும் மூவாயிரம் தோலுக்கு ஆர்டரும் வந்தன. கடைசியில் ஒரு கேள்வி. காலஞ்சென்றவருக்கு வாரிசு உண்டா?

கன்னியப்பனும் இன்னும் முப்பது பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். சாயபு முதலியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செத்த ஆளு ஒருத்தருக்கே மூவாயிரம் தோலுன்னா, உசிரோட நாலு பேரு இருந்தா?"

"சாயபு, வேணாம்."

"பதினோரு வருசம் இந்த ஊர்ல இருந்திருக்காரு. பொண்டாட்டி புள்ளை இருக்கக் கூடாதா? அந்தாளு மேல இவ்ளோ சந்தேகம் நல்லதில்லை மொதலியாரே!"

அப்படித்தான் ஆம்பூரில் ஓசொல்சோபே வம்சம் தழைத்தது. காகிதத்தில் விதவை ஒருத்தி வந்தாள். அந்தோணி என்று மூத்த மகன் வந்தான். குடும்பப் பெயருக்குப் பொருத்தமாக அவனை உப்புக் கொட்டகை மேஸ்திரியாக்கினார் முதலியார். ஒவ்வொரு ஆர்டருக்கும் அங்கே ஒரு கல்யாணம், ஒரு பிரசவம். பெயரின் மூலத்தைப் பற்றி ஆம்பூர்க் கிளை என்ன சொல்கிறது என்று ஒரு கடிதத்தில் கேட்டிருந்ததற்கு, சம்பூர்ணத்தின் குழம்புக் கதையைப் பரம்பரைச் செய்தியாக எழுதிப் போட்டார். இதுவரை கிடைத்த விளக்கங்களில் இதுவே சிறந்தது என்று பாராட்டு வந்தது.

பொய் சொல்ல ஆரம்பித்தவனுக்கு ஞாபகம் வேண்டும். முதலியாருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒரு தடவை, தகப்பனார் செத்து ஆறு வருஷம் கழித்து ஒரு பிள்ளை பிறந்ததாக எழுதித் தபாலில் போட்டுவிட்டு, இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். பிறகு அது சுவீகாரப் பிள்ளை என்று தந்தி கொடுத்தார். வாழ்த்துச் சொல்லிப் பதில் வந்தது. இவ்வளவு நல்லவர்களையும் உலகம் வைத்திருக்கிறதே என்று முதலியாருக்குக் கண் கலங்கியது.

இரண்டு வருஷத்தில் தலை இருபத்து மூன்று ஆயிற்று. யார் யாருக்கு என்ன முறை என்று பழைய பில்லின் பின்பக்கம் படம் போட்டு வைத்துக்கொண்டார். அந்த ஐரோப்பிய ஊரிலேயே பதினாலு பேர்தானாம். உலகத்தில் ஓசொல்சோபேக்கள் மிகுதியாக வாழும் ஊர் ஆம்பூர் என்று ஆசிரியரின் கடிதம் மகிழ்ச்சியுடன் தெரிவித்தது. அதைப் படித்தபோது முதலியாருக்கு மகிழ்ச்சி வரவில்லை, அசதிதான் வந்தது.

வீட்டில் சம்பூர்ணத்தின் இடி வேறு.

"இன்னாங்க, அந்த வெள்ளைக்காரப் பொண்ணு மார்த்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்தீங்க, சீமந்தமும் பண்ணிட்டீங்க. நம்ம பொண்ணு சௌந்தரத்துக்கு எப்போ?"

"நாட்றம்பள்ளி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை வர்றாங்க, இல்ல?"

"போன வெள்ளிக்கிழமை வந்துட்டுப் போய்ட்டாங்க. நீங்கதான் ஞானஸ்நானத்துக்குத் தேதி வச்சிக்கினு இருந்தீங்க."

அடுத்த கடிதத்தை முதலியார் இரண்டு தடவை படித்தார். ஆசிரியரின் தம்பி மகன் யோசெப் ஓசொல்சோபே கப்பலேறிவிட்டார். உறவினர் அனைவரையும் நேரில் கண்டு, பெரியவரின் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, ஒரு வருஷத்துக்கான தோல் ஒப்பந்தத்தையும் முடிப்பார்.

அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு சாயபுவிடம் ஓடினார். "உண்மையைச் சொல்லிடலாம் சாயபு. என்னால முடியலை."

"சொல்லிடலாம்," என்றார் சாயபு. முதல் தடவையாக அவர் குரலில் விளையாட்டு இல்லை. "ஆனா அந்த ஒப்பந்தம் இல்லேன்னா ரம்ஜானுக்கு முன்னால டேனரியை மூடணும். இந்தத் தடவை எல்லார் பேரையும் பட்டியல்ல நீங்கதான் எழுதணும். எழுதுவீங்களா?"

முதலியார் திரும்பி, வம்சத்துக்கு ஆள் பிடிக்கப் போனார்.

மருத்துவச்சி ஆரோக்கியமேரிக்கு ஐந்து பிள்ளைகள். எல்லாம் கவுன் போட்டுப் பழகியவை. அவள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

"பாவமில்லீங்களா ஐயா? அந்தப் பேரு என் வாயிலயே நுழையலை."

"நீ வாயே திறக்க வேணாம்மா. மூணு நாழி உட்கார்ந்திரு, போதும்."

"என் வீட்டுக்காரரு?"

முதலியார் தயங்கினார். "உன் புருஷன் போன வருஷம் காலமாயிட்டதா எழுதியிருக்கேன். மன்னிச்சுக்க."

"அந்தக் குடிகாரரா? செத்துட்டாரா?" ஆரோக்கியமேரியின் முகம் மலர்ந்தது. "அப்போ வர்றேங்கையா."

கன்னியப்பனுக்குச் சாயபுவின் பழைய கோட்டைப் போட்டு அந்தோணியாக்கினார்கள். சித்திரை வெயிலில் அவன் நின்ற இடத்தில் வேர்வை குட்டை கட்டியது.

ரயிலிலிருந்து இறங்கிய யோசெப் ஒல்லியான ஆள். மூக்கு வெயிலில் வெந்திருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முதலியாரைப் போலவே புத்தகத்தில் படித்த இங்கிலீஷ் பேசினார். வழியெல்லாம் உறவினரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மனுஷர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று முதலியாருக்குப் பரிதாபமாக இருந்தது.

சாயபு பிரியாணி அண்டாவைப் பார்க்கப் போனார். ஆபீஸ் கூடத்தில் பெஞ்சு போட்டு வம்சம் உட்கார்ந்திருந்தது. ஆள் கணக்கு ஏழு. யோசெப் பையைத் திறந்தார். இருபத்து மூன்று சிறிய பொட்டலங்கள், ஒவ்வொன்றின்மேலும் ஒரு பெயர்.

"அந்தோணி ஓசொல்சோபே," என்று படித்தார்.

கன்னியப்பன் அசையவில்லை. முதலியார் முதுகில் தட்டிய பிறகு எழுந்து வாங்கிக்கொண்டான். ஆரோக்கியமேரி அந்தோணியின் விதவைத் தங்கை பேரிலிருந்த பொட்டலத்தை வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் ஐந்துக்கும் கொடுத்தாயிற்று.

"வில்லியம்?"

"நாட்றம்பள்ளிக்குப் போயிருக்கார்," என்றார் முதலியார்.

"ஜார்ஜ்?"

"திமிரியில இருக்கார். காய்ச்சல்."

"எலிசா?"

"ஆற்காட்டுக்கு மக்கன்பேடா மிட்டாய் வாங்கப் போயிருக்காங்க. உங்களுக்காக."

"ஹென்றி?"

"அவரும் மக்கன்பேடாவுக்குத்தான்."

"ராபர்ட்?"

"பேடாவைத் தூக்கியாரத் துணைக்கு."

யோசெப் அடுத்த பொட்டலத்தை எடுத்தார். முதலியார் கணக்குப் பார்த்தார். இன்னும் பதினொன்று. ஊர்கள் தீர்ந்துவிட்டன, வியாதிகளும் தீர்ந்துவிட்டன. கப்பலேறி, வெயிலில் வெந்து, ஒரு கிழவரின் அன்பளிப்பைச் சுமந்து வந்திருக்கும் இந்தப் பிள்ளையிடம் இன்னொரு பொய் சொன்னால் தன் நாக்கு அழுகிவிடும் என்று நினைத்தார்.

"கொஞ்சம் வெளியில வாங்க," என்றார்.

ஆவாரம்பட்டை மூட்டைகளுக்கு நடுவே, சுண்ணாம்புத் தொட்டி வாடையில் இருவரும் நின்றார்கள். முதலியார் மேல்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஆம்பூர்ல அந்தப் பேர்ல ஒருத்தரும் இல்லை. எப்பவும் இருந்ததில்லை. காலராவும் நான்தான், கல்யாணமும் நான்தான். கோட்டுப் போட்டவர் எங்க உப்புக் கொட்டகை ஆள். சாயபு மேல தப்பில்லை, எழுதின கை என்னுது. பெரியவர் மனசு என்ன பாடுபடும்னு நினைச்சா எனக்கு வயிறு எரியுது. ஒப்பந்தத்தை நீங்க திருப்பி எடுத்துக்கினு போனாலும் சரி, அவருகிட்ட மட்டும் பக்குவமாச் சொல்லுங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷத்து அசதியும் சேர்ந்து வந்தது. உள்ளே ஆரோக்கியமேரியின் கடைசிப் பிள்ளை பொட்டலத்தைப் பிரித்து, "அம்மா, வெறும் பெப்பர்மெண்டும்மா!" என்று கத்தியது கேட்டது.

யோசெப் ஒரு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். பிறகு பையின் அடியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். அதில் ஆலை முதலாளியின் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. அதை முதலியார் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"பெரியவர் அந்த முதல் கடிதத்தைப் போட்ட மறுவாரமே செத்துப்போயிட்டார் சார், அப்புறம் வந்ததெல்லாம் நான் எழுதினது, உறவுக்காகத்தான் தோலைச் சல்லிசாத் தர்றீங்க, அது விட்டுப்போனா விலையை ஏத்திடுவீங்கன்னு எங்க முதலாளிக்குப் பயம், நானும் அந்த ஆலையில உங்களை மாதிரி ஒரு குமாஸ்தாதான்."