பாட்டிலும் மக்காச்சோளமும்

வாழ்நாளில் ஒரு சொட்டு மதுகூடத் தொடாமல் 'பாட்டில்' என்று பெயர் வாங்கியவர் அன்னவாசலில், ஏன், உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். அவர் மகளைப் பெண் பார்க்கக் கந்தர்வக்கோட்டையிலிருந்து வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டார்கள். "யாரு, நம்ம பாட்டில் வீட்டுக்கா?" என்றார் டீக்கடைக்காரர். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்கள்.

விஷயம் வேறு. அவருக்குக் குளுக்கோஸ் பாட்டில் மேல் அப்படியொரு பக்தி. காய்ச்சல், தலைவலி, மனைவியோடு சண்டை, எது வந்தாலும் தெருமுனை கிளினிக்கில் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுத்துவிடுவார்.

"ஒரு பாட்டில் ஏத்தி விடு தாயி. ஒடம்பு அசதியா இருக்கு."

நர்ஸ் ஸ்டெல்லாவுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. "அண்ணே, இதுல என்னதான் இருக்குன்னு நெனைக்கிறீங்க? டெக்ஸ்ட்ரோஸ். தண்ணியில கரைச்ச ஒருவகைச் சர்க்கரை, அம்புட்டுதான்."

"கரும்புலேர்ந்து எடுக்கிறதா?"

"இல்லண்ணே, பெரும்பாலும் மக்காச்சோள மாவுலேர்ந்து."

கையில் ஊசியோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். மனிதர் போட்டிருந்த வெள்ளாமையே மக்காச்சோளம்தான். "எங்காட்டுச் சோளத்தை வாங்கி எனக்கே ஏத்துறீங்களா!"

கோபம் அந்த பாட்டில் தீரும்வரைதான். அப்புறம் ஒரே பெருமை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர்களுக்கெல்லாம், "பயப்படாதீங்க, உள்ள போறது நம்ம சோளம்" என்று தைரியம் சொன்னார்.

வீட்டிலேயே தயாரிக்கிறேன் என்று சோள மாவைக் கரைத்துக் காய்ச்சியும் பார்த்தார். கூழ் வந்தது. அதைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஸ்டெல்லாவிடம் போனார்.

"அய்யய்யோ, இத ஏத்துனா ஆளு போயிருவாங்க! மாவுங்கிறதே சர்க்கரைய ஒண்ணோட ஒண்ணு கோத்த சங்கிலிண்ணே. ஃபேக்டரியில என்சைம்னு ஒண்ண விட்டு அதை அறுத்து, சுத்தம் பண்ணி எடுக்கிறாங்க. சோத்த மென்னுக்கிட்டே இருந்தா இனிக்குதில்ல? நம்ம எச்சிலும் அந்த வேலையத்தான் செய்யுது."

மறுநாள் புதுக்கோட்டை பஸ்ஸில் ஒரு வாய் சோற்றோடு ஏறினார். கண்டக்டர் எத்தனை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. பாவம், பேச வராதவர் போலிருக்கிறது என்று அவரும் கையை ஆட்டி ஆட்டி டிக்கெட் கொடுத்தார். பாதி வழியில், "இனிக்குதுய்யா!" என்று இவர் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சர்க்கரை நோய் வந்தது. இனி அந்த பாட்டிலை நினைக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். "அப்ப நான் எங்கிட்டுப் போயிப் படுக்கிறது?" என்று கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. துணைக்குப் போயிருந்த நாங்கள் சிரிக்க வாயைத் திறந்து அடக்கிக்கொண்டோம். அதற்கப்புறம் கிளினிக்கைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே போவார்.

போன மழைக்காலத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல், ஓயாத வாந்தி. அதே கிளினிக்கில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானம் கண்ணைத் திறந்தால், பக்கத்து ஸ்டூலில் அவர்.

"கைய அசைக்காதீங்க தம்பி. ஊசி வெலகுனா வீங்கிரும்." சொல்லிவிட்டு என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது ஸ்டெல்லா ஊசியை எடுத்துவிட்டிருந்தார். அவரோ பிடித்த பிடியை விடாமல், உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கையை இழுத்துக்கொள்ள எனக்குத்தான் மனசு வரவில்லை.